ஓர் இரவில் இரண்டு முறை: எழுத்தாளரின் கற்பனையை மீட்கும் நாவல்கள்

எழுத்து நின்றுபோகும் காலம் பல நாவலாசிரியர்களின் வாழ்வில் உண்டு. ஊரும் மனிதர்களும் சம்பவங்களும் மனத்தில் அப்படியே இருக்கும். அவற்றைச் சொல்லும் வழி மட்டும் புலப்படாது. அந்தத் தேக்கத்தை உடைத்தது இன்னொருவர் எழுதிய நாவல்தான் என்று கடிதங்களிலும் நினைவுக் குறிப்புகளிலும் எழுதி வைத்தவர்கள் பலர். அந்தப் பதிவுகளைச் சேர்த்து வைத்துப் படித்தால் ஒரு செய்தி திரும்பத் திரும்பத் தென்படுகிறது. கற்பனையை மீட்கும் நாவல் எழுத்தாளருக்குப் புதிய கதைப்பொருள் எதையும் தருவதில்லை. அவரிடம் ஏற்கெனவே இருக்கும் பொருளை எழுதலாம் என்ற துணிவையும் எழுதுவதற்கான ஒரு வழியையும் அது தருகிறது. எந்த நாவலால் அது முடியும் என்பது அந்த எழுத்தாளர் எந்த இடத்தில் சிக்கி நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. தலைசிறந்த நாவல்கள் நூறு என்று போடப்படும் பட்டியல்கள் எழுதுகிறவருக்குப் பெரிய உதவி செய்யாததற்குக் காரணமும் இதுதான்.

இதற்கு மிக விரிவாகப் பதிவான சான்று, கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 1961-இல் மெக்சிகோ நகரில் அந்நாட்டு எழுத்தாளர் யுவான் ருல்ஃபோவின் 'பெட்ரோ பராமோ'வைப் படித்த நிகழ்ச்சி. 1980-இல் ருல்ஃபோவைப் பற்றி எழுதிய நினைவுக் கட்டுரையில் அவரே இதை விவரித்திருக்கிறார்.

முட்டுச் சந்து

1961-இன் நடுவில் மார்க்கேஸ் மனைவியோடும் கைக்குழந்தையோடும் மெக்சிகோ நகருக்கு வந்து சேர்ந்தார். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மேல்தளத்தில் குடியிருப்பு. படுக்கையறையில் தரையில் ஒரு மெத்தை, இன்னோர் அறையில் தொட்டில், சாப்பிடவும் எழுதவும் ஒரே மேசை. 'சருகுகள்' என்று பொருள்படும் 'லா ஓஹராஸ்கா' 1955-இலேயே வந்துவிட்டது. 'கர்னலுக்கு யாரும் எழுதுவதில்லை' 1961-இல்தான் புத்தகமானது. இன்னொரு நாவலும் ஒரு சிறுகதைத் தொகுப்பும் 1962-இல் வெளிவர இருந்தன. வாசகர் வட்டம் மிகச் சிறியது. ஆனால் அவரை வாட்டியது புகழின்மை அல்ல. தம்மிடம் எழுத வேண்டிய நாவல்கள் இன்னும் நிறைய இருக்கின்றன என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அவற்றை நம்பும்படியாகவும் கவித்துவத்தோடும் எழுதும் முறைதான் பிடிபடவில்லை. முட்டுச் சந்தில் மாட்டிக்கொண்டு, தப்பிக்க எங்கேயாவது ஒரு விரிசல் கிடைக்குமா என்று தேடியதாக அவர் எழுதுகிறார்.

இந்தத் தேக்கம் புதியதும் அல்ல. சிறு வயதில் வளர்ந்த அரகதாகா ஊரையும் தாத்தா பாட்டி வீட்டையும் வைத்து 'வீடு' என்ற பெயரில் ஒரு பெரிய நாவலை அவர் இருபது வயதை ஒட்டியே தொடங்கியிருந்தார். பக்கங்கள் சேர்ந்தன, நாவல் சேரவில்லை. தம் கைக்கு அடங்காத பொருள் என்று அதை ஒதுக்கி வைத்தார். பின்னாளில் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' ஆனது அதே பொருள்தான். அதாவது, கற்பனை வறண்டுவிட்டது என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றிய ஆண்டுகளில் கதை முழுவதும் அவரிடம் இருந்தது. அந்நாவல் நடக்கும் மக்கோந்தோ என்ற ஊரின் பெயர்கூட முதல் நாவலிலேயே வந்துவிட்டது.

ஒருநாள் நண்பர் அல்வாரோ மூத்திஸ் ஒரு கட்டுப் புத்தகங்களோடு படிகளைத் தாவி ஏறி வந்தார். கட்டிலிருந்து எல்லாவற்றிலும் சிறிய புத்தகத்தை உருவி எடுத்து, இதைப் படித்துக் கற்றுக்கொள் என்று சிரித்தபடி உரிமையோடு அதட்டிக் கையில் திணித்தார். அதுதான் 'பெட்ரோ பராமோ'. அன்றிரவு மார்க்கேஸ் அதை இரண்டு முறை படித்து முடிக்கும்வரை தூங்கவில்லை. மறுநாள் ருல்ஃபோவின் சிறுகதைத் தொகுப்பான 'எரியும் சமவெளி'யைப் படித்தார். அந்த ஆண்டின் எஞ்சிய மாதங்களில் வேறு எவரையும் அவரால் படிக்க முடியவில்லை. எல்லாரும் ஒரு படி கீழாகவே தெரிந்தார்கள். நாளடைவில் நாவல் முழுவதையும் மனப்பாடமாகச் சொல்லும் நிலைக்கு வந்தார்.

மூத்திஸ் கொண்டுவந்த கட்டில் வேறு புத்தகங்களும் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் அவற்றைப் பொதுவான பரிந்துரையாகக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. அவரும் எழுத்தாளர், மார்க்கேஸின் கையெழுத்துப் படிகளைப் படித்தவர், நண்பர் எங்கே திணறுகிறார் என்று அறிந்தவர். அந்த அறிவோடு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

அந்தச் சிறு நூலில் இருந்தது என்ன

'பெட்ரோ பராமோ' 1955-இல் மெக்சிகோவின் ஃபோந்தோ தெ கல்த்தூரா எகோனோமிகா பதிப்பகம் வெளியிட்ட நூல். முதல் பதிப்பு 2,000 படிகள். யுவான் பிரெசியாதோ என்பவன், இறந்த தாய்க்குக் கொடுத்த வாக்குப்படி, தான் பார்த்தறியாத தகப்பனைத் தேடிக் கோமாலா என்ற ஊருக்கு வருகிறான். தகப்பன் பெட்ரோ பராமோ அந்த வட்டாரத்தையே தன் பிடியில் வைத்திருந்த நிலக்கிழார். இறந்து பல காலம் ஆகிவிட்டது. ஊரில் அவனோடு பேசுகிறவர்களும் இறந்தவர்களே என்பது மெல்ல மெல்லத் தெரியவருகிறது. நூலின் பாதிவழியில் அவனும் இறந்துவிடுகிறான். எஞ்சிய பகுதியில் கல்லறைக்குள் படுத்தபடி அக்கம்பக்கத்துக் கல்லறைகளின் பேச்சைக் கேட்கிறான். இத்தனையும் சிறு சிறு துண்டுகளாக, காலம் முன்னும் பின்னும் கலைந்து, அத்தியாய எண்கள் இல்லாமல் வருகிறது.

ஒரு தேர்ந்த வாசகர் இதில் சாவையும் அதிகாரத்தையும் குற்றவுணர்வையும் காண்பார். 1961-இன் மார்க்கேஸ் வேறு ஒன்றையும் கண்டிருக்க வேண்டும். செத்தவர்கள் வீட்டுக்குள் நடமாடுவதை அன்றாடச் செய்தியாகச் சொன்ன பாட்டியிடம் வளர்ந்தவர் அவர். அந்தப் பேச்சு நாவலின் நடையாக முடியும் என்பதற்கு ருல்ஃபோவின் நூல் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய சான்றாக இருந்தது. உயிரோடிருப்பவருக்கும் இறந்தவருக்கும் இடையே ருல்ஃபோ சுவர் எழுப்புவதில்லை, விளக்கம் சொல்வதில்லை, வாசகரை எச்சரிப்பதும் இல்லை. ஒரு குக்கிராமத்தின் வெயிலும் புழுதியும் குரல்களும் ஓர் உலகத்துக்குப் போதுமானவை என்பதையும் அந்நூல் நிறுவியிருந்தது.

மார்க்கேஸ் படித்ததோடு நிற்கவில்லை என்பது இந்த வரலாற்றின் மிகப் பயனுள்ள பகுதி. பின்னர் இயக்குநர் கார்லோஸ் வேலோவின் 'பெட்ரோ பராமோ' படத்துக்கான திரைக்கதைப் பணியில் அவர் ஈடுபட்டபோது, வேலோ நாவலின் துண்டுகளை வெட்டியெடுத்துக் காலவரிசைப்படி ஒட்டி வைத்திருந்ததைக் கண்டார். அப்படி நேராக்கப்பட்ட கதை தட்டையாகவும் உயிரற்றும் கிடந்தது. ஆனால் ருல்ஃபோவின் மறைவான தச்சு வேலையைப் புரிந்துகொள்ள அது உதவியது என்று மார்க்கேஸ் எழுதுகிறார். எந்தத் துண்டு எந்தத் துண்டோடு பொருத்தப்பட்டிருக்கிறது, எங்கே ஒரு தகவல் வேண்டுமென்றே தாமதிக்கப்படுகிறது என்பதெல்லாம் கலைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நாவலாசிரியர்கள் பிறர் நாவலைப் படிப்பதே அது எப்படி எழுதப்பட்டது என்று கண்டுபிடிக்கத்தான் என்றும், துணியைப் புரட்டித் தையலைப் பார்ப்பதுபோல அவர்கள் பக்கங்களைப் புரட்டுகிறார்கள் என்றும் 1981-இல் ஹெமிங்வே பற்றிய கட்டுரை ஒன்றில் அவர் கருத்துத் தெரிவித்திருக்கிறார். வியப்பில் முடிந்துவிடும் வாசிப்புக்கும் எழுத்தை மீட்கும் வாசிப்புக்கும் உள்ள வேறுபாடு இந்தத் தையல் பார்க்கும் பழக்கத்தில் இருக்கிறது.

அதன் தடம் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' தொடங்கும் வாக்கியத்திலேயே உண்டு. வருங்காலத்தில் ஒரு புள்ளியில் நின்றுகொண்டு, அங்கிருந்து ஒரு கடந்த நாளை நினைவுகூரும் வாக்கிய அமைப்பு அது. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் ஓர் இரவை எண்ணிப் பார்க்கப்போவதாகச் சொல்லும் இதே வகை வாக்கியம், பாதிரியார் ரென்டெரியாவைப் பற்றி 'பெட்ரோ பராமோ'வில் இருப்பதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். மார்க்கேஸ் கடன்களை மறைத்தவர் அல்லர். தம் நாவலுக்குள் கார்லோஸ் ஃபுவென்தெஸின் அர்தேமியோ குருஸையும் அலெஹோ கார்ப்பெந்தியரின் விக்டர் யூகையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார். படித்த நாவல்களுக்கு நாவலுக்குள்ளேயே செலுத்திய நன்றி அது.

முதல் தீ எப்போதும் நல்ல தீ அல்ல

1961-இன் இரவுக்கு முன்பே மார்க்கேஸுக்கு அப்படி ஓர் இரவு வாய்த்திருந்தது. 1947-இல் பொகோதாவில் சட்டம் படித்தபோது மாணவர் விடுதியில் கடன் வாங்கிய புத்தகமாகக் காஃப்காவின் 'உருமாற்றம்' கிடைத்தது. முதல் வரியிலேயே தூக்கிவாரிப் போட்டது. இப்படியெல்லாம் எழுத அனுமதி உண்டு என்று தெரிந்திருந்தால் முன்பே எழுதத் தொடங்கியிருப்பேன் என்று பின்னாளில் நேர்காணல்களில் சொன்னார். பாட்டி கதை சொல்லும் முறையும் இதுதானே என்று அப்போதே தோன்றியதாகவும் குறிப்பிட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 13-ஆம் தேதி 'எல் எஸ்பெக்தாதோர்' நாளிதழில் அவருடைய முதல் கதை வெளிவந்தது.

தூண்டுதல் உடனடியாகப் பலித்தது. ஆனால் விளைச்சல் சிறக்கவில்லை. அக்காலக் கதைகள் வெறும் அறிவிலிருந்து பிறந்தவை, படித்த இலக்கியத்தை வைத்து எழுதியவை, அவற்றுக்கும் தம் வாழ்க்கைக்கும் தொடர்பு இருக்கவில்லை என்பது அவருடைய சொந்தத் தீர்ப்பு. காஃப்கா கொடுத்த துணிவோடு காஃப்காவின் பொருளையும் சேர்த்து எடுத்துக்கொண்டதால் வந்த வினை இது. பிராக் நகரின் மூடிய அறைகள் கரீபியக் கரையில் வளர்ந்த இளைஞரின் அனுபவம் அல்ல. எழுத்தைத் தூண்டும் நாவல், சொந்த ஊரை மறக்கச் செய்யும் ஆபத்தும் கொண்டது. இளம் எழுத்தாளர்கள் பலர் இந்தக் கட்டத்தில் நெடுங்காலம் தங்கிவிடுகிறார்கள்.

அதைச் சரிசெய்தது அடுத்த கட்ட வாசிப்பு. பரான்கியா நகரில் ஹெர்மான் வர்காஸ், அல்ஃபோன்சோ ஃபுவென்மயோர், அல்வாரோ செபேதா சமூதியோ ஆகிய நண்பர்களும், கத்தலோனியாவிலிருந்து வந்த மூத்த அறிஞர் ரமோன் வின்யெஸும் சேர்ந்த வட்டத்தில் மார்க்கேஸ் இணைந்தார். 1949-இல் நிமோனியா கண்டு பெற்றோர் வீட்டில் படுத்திருந்தபோது அந்த நண்பர்கள் பெட்டி நிறையப் புத்தகங்கள் அனுப்பினார்கள். ஃபாக்னரும் வர்ஜீனியா வுல்ஃபும் அதில் இருந்தார்கள். ஃபாக்னரின் அமெரிக்கத் தென் மாநில ஊர்களும், வாழைத்தோட்ட நிறுவனமான யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி வந்துபோன பிறகு பாழடைந்த அரகதாகாவும் அண்டை ஊர்கள்போல அவருக்குத் தெரிந்தன. தாயோடு பழைய வீட்டை விற்கப் போன பயணம் அந்த உணர்வை உறுதிசெய்தது. காஃப்கா அவரை வெளியே அழைத்துச் சென்றார் என்றால் ஃபாக்னர் ஊருக்குத் திருப்பி அனுப்பினார் எனலாம். ஆனால் அந்தக் கொடைக்கும் விலை இருந்தது: மூன்று குரல்கள் மாறி மாறிப் பேசும் 'லா ஓஹராஸ்கா'வில் ஃபாக்னரின் நிழல் வெளிப்படையாக விழுந்துகிடக்கிறது. அதிலிருந்து விடுபட ஹெமிங்வேயின் சிக்கனம் உதவியது. பின் அந்தச் சிக்கனமே வேலியாயிற்று. 1961-இன் முட்டுச் சந்து அந்த வேலிதான் என்று கொள்ள இடமுண்டு.

நாவலிலிருந்து நாவலுக்கு

இருபது வயதை ஒட்டிப் படித்த, வுல்ஃபின் 'மிஸஸ் டாலோவே'யின் ஒரு வாக்கியம் காலத்தைப் பற்றிய தம் உணர்வையே மாற்றிவிட்டது என்று மார்க்கேஸ் கூறியுள்ளார். 'எல் எரால்தோ' நாளிதழில் பத்தி எழுதியபோது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் செப்டிமஸ். அந்த நாவலில் வரும் போர்வீரனின் பெயர். இந்த இழையைப் பின்னோக்கி இழுத்தால் இன்னொரு வாசிப்பு வருகிறது. வுல்ஃப் 'மிஸஸ் டாலோவே'யை எழுதத் தொடங்கிய 1922-இல்தான் மார்செல் புரூஸ்தைப் படிக்க ஆரம்பித்திருந்தார். அந்த ஆண்டு கலை விமர்சகர் ரோஜர் ஃப்ரைக்கு எழுதிய கடிதங்களில் இரண்டு உணர்ச்சிகள் அருகருகே நிற்கின்றன: புரூஸ்த் எழுதும் ஆசையைத் தாங்க முடியாத அளவுக்குக் கிளறிவிடுகிறார் என்ற பரவசம், இதற்குப் பிறகு எழுத என்ன மிச்சம் என்ற சோர்வு. 1925-இல் நாட்குறிப்பிலும், புரூஸ்தின் தாக்கம் தம் ஒவ்வொரு வாக்கியத்தின் மீதும் எரிச்சலை உண்டாக்கும் என்று எழுதினார்.

பெரிய நாவல் எழுத்தாளரைத் தூண்டவும் செய்யும், வாயடைக்கவும் செய்யும். எது நடக்கும் என்பதை வாசிப்பின் நேரமும் அளவும் ஓரளவு தீர்மானிக்கின்றன. வுல்ஃப் புரூஸ்தை ஒரே மூச்சில் விழுங்கவில்லை. ஆண்டுக்கணக்கில் நிறுத்தி நிறுத்திப் படித்தார், இடையில் தம் நாவலை எழுதினார். ஒரு நாவலை எழுதிக்கொண்டிருக்கும்போது பிறர் நாவலைத் தொடவே கூடாது என்று ஒதுங்கும் எழுத்தாளர்களின் அச்சம் அர்த்தமற்றதல்ல. வலுவான நடை தொற்றிக்கொள்ளும். ஆனால் அந்த அச்சம் எழுதிக்கொண்டிருப்பவருக்குப் பொருந்தும். எழுத முடியாமல் நிற்பவருக்குப் பொருந்தாது.

வீட்டு ஜன்னலோரத்தில் கிடந்த தொகுதி

புதிய நாவலைத் தேடி ஓட வேண்டிய அவசியம்கூடச் சில வேளைகளில் இருப்பதில்லை. லியோ டால்ஸ்டாய் 1870-களின் தொடக்கத்தில் முதலாம் பீட்டர் மன்னரைப் பற்றி நாவல் எழுத முயன்று வந்தார். ஏராளமாகப் படித்தார், குறிப்பெடுத்தார், பல தொடக்கங்களை எழுதினார்; ஒன்றும் நகரவில்லை. அந்தக் காலத்து மனிதர்களின் அன்றாட வாழ்க்கையைத் தம்மால் கண்முன் காண முடியவில்லை என்பதே அவருடைய குறை. 1873 மார்ச்சில் மகன் செர்கெய், வயதான அத்தைக்கு வாசித்துக் காட்ட ஒரு புத்தகம் கேட்டான். தாய் சோஃபியா புஷ்கினின் தொகுதியை எடுத்துக் கொடுத்தார். 'பெல்கின் கதைகள்' இருந்த தொகுதி அது. வாசித்து முடித்தபின் அதை அலமாரிக்குக் கொண்டுபோகாமல் கூடத்து ஜன்னலோரத்தில் வைத்துவிட்டார்கள். காலையில் காப்பி குடிக்கும்போது டால்ஸ்டாய் அதைக் கையில் எடுத்தார்.

பலமுறை படித்த நூல்தான். தொகுதியில் முடிவுறாத ஒரு துண்டும் இருந்தது; விருந்தாளிகள் கோடைகால வீட்டுக்கு வந்து சேர்வதோடு அது நேராகத் தொடங்குகிறது. அறிமுகம் கிடையாது, பின்னணி விளக்கம் கிடையாது. தொடங்கினால் இப்படித் தொடங்க வேண்டும் என்று டால்ஸ்டாய் வியந்தார்; அன்றோ அதை அடுத்தோ ஒரு புதிய நாவலை எழுத உட்கார்ந்தார். 'அன்னா கரேனினா' அப்படித் தோன்றியது. விமர்சக நண்பர் நிக்கோலாய் ஸ்திராகோவுக்கு எழுதி அனுப்பாமல் விட்ட கடிதத்தில் இதை அவரே சொல்கிறார். தொடக்க வரைவில் நாடக அரங்கிலிருந்து திரும்பும் விருந்தாளிகள் ஒரு வரவேற்பறையில் கூடும் காட்சியே முதலில் இருந்தது. முடிவான நாவலில் அது இரண்டாம் பாகத்துக்குப் போய்விட்டது. புஷ்கினிடம் வாங்கிய திறவுகோல் கதவைத் திறந்தபின் அதே இடத்தில் தொங்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

இங்கும் சிக்கல் எது என்பதே முக்கியம். டால்ஸ்டாயிடம் தகவல் குறைவாக இல்லை, மிகையாக இருந்தது. அந்தப் பாரத்திலிருந்து விடுவிக்க விரைவும் எடையின்மையும் கொண்ட உரைநடை தேவைப்பட்டது. இன்னொரு பெரிய வரலாற்று நாவலைப் படித்திருந்தால் பீட்டர் மன்னரின் குறிப்பேடுகள் இன்னும் தடித்திருக்கும்.

கோபத்தில் எழுந்த நாவல்கள்

கற்பனையை மீட்கும் நாவல் வாசகருக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சினுவா அச்சேபே இபாடான் பல்கலைக்கழகக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது, நைஜீரியாவைப் பற்றிய சிறந்த நாவல் என்று ஜாய்ஸ் கேரியின் 'மிஸ்டர் ஜான்சன்' பாடமாக வைக்கப்பட்டது. 1939-இல் வெளிவந்த அந்நாவலில் வரும் நைஜீரியரை எந்த மாணவராலும் தம் மக்களில் ஒருவராக அடையாளம் காண முடியவில்லை. வகுப்பே எதிர்த்துப் பேசியது. ஒருவருடைய வீட்டுக் கதையை அந்நியர் சொல்லும்போது என்ன நேர்கிறது என்று அச்சேபே உணர்ந்த தருணம் அது. 1958-இல் அவருடைய 'சிதைவுகள்' வந்தது.

ஜீன் ரீஸின் வரலாறு இதைவிட நெஞ்சைத் தொடுவது. கரீபியத் தீவான டொமினிக்காவில் 1890-இல் பிறந்தவர். 1939-இல் ஒரு நாவல் வெளியிட்டபின் இலக்கிய உலகின் பார்வையிலிருந்தே மறைந்துபோனார். இறந்துவிட்டார் என்றுகூடச் சிலர் நம்பினார்கள். சார்லட் பிரான்டேயின் 'ஜேன் அய்ர்' நாவலில் மாடியறையில் அடைக்கப்பட்ட பைத்தியக்கார மனைவி கரீபியத்திலிருந்து வந்த வெள்ளையினப் பெண். நாவல் முழுவதும் அவள் அலறுகிறாள், சிரிக்கிறாள், பாய்கிறாள். ஒரு சொல்கூடத் தன் தரப்பில் பேசுவதில்லை. ரீஸும் அதே கரீபியத்திலிருந்து வந்தவர். அந்த வாயடைப்பின் மேல் கொண்ட ஆற்றாமையிலிருந்து, பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு, 1966-இல் 'வைட் சர்காசோ ஸீ' வெளிவந்தது. இடையில் கழிந்தது 27 ஆண்டுகள். எழுத்தாளருக்கு வயது 76. உலகம் கொண்டாடும் நாவல் ஒன்றில் விடுபட்டுப்போன ஒரே ஓர் ஆளைக் கண்டுகொண்டதே அந்த மீட்சிக்குப் போதுமானதாக இருந்தது.

தேடும் வழிகள்

இச்சான்றுகளிலிருந்து தேடலுக்கு உதவும் சில நடைமுறைகளைப் பிரித்தெடுக்கலாம். முதலாவது, சிக்கலுக்குப் பெயர் வைப்பது. எழுத வரவில்லை என்ற பொதுவான புலம்பலை வைத்துக்கொண்டு எந்த நூலகத்திலும் எதையும் தேட முடியாது. காலத்தைக் கையாள முடியவில்லையா, தொடக்கம் கனக்கிறதா, கதை சொல்லும் குரல் பொய்யாக ஒலிக்கிறதா, ஊர் சிறியதாகத் தோன்றுகிறதா என்று கேட்டுக்கொண்டால் தேடும் திசை தெரியும். மார்க்கேஸுக்கு மூத்திஸ் வாய்த்ததுபோல, எழுதுபவரின் பக்கங்களைப் படித்த ஒரு நண்பர் இந்தக் கேள்விக்கு எழுதுபவரைவிட நன்றாகப் பதில் சொல்லக்கூடும்.

இரண்டாவது, பிடித்த எழுத்தாளர் படித்தவற்றைத் தேடிப் போவது. ருல்ஃபோவையே எடுத்துக்கொள்ளலாம். மெக்சிகோவில் 1920-களில் கத்தோலிக்கர்கள் அரசை எதிர்த்த கிறிஸ்தேரோ கலகக் காலத்தில் ஊர்ப் பாதிரியார் ஒருவர் தம் நூலகத்தை ருல்ஃபோவின் பாட்டி வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போனார். சிறுவன் யுவான் அந்தப் புத்தகங்களைப் படித்துத் தீர்த்தான். அவற்றில் சமய நூல்களைவிடக் கதைகளே அதிகம். வளர்ந்தபின் அவரை ஈர்த்தவர்கள் நார்வேயின் க்னுட் ஹாம்சன், ஸ்வீடனின் செல்மா லாகர்லாவ், ஐஸ்லாந்தின் ஹால்டோர் லாக்ஸ்னஸ், ஸ்விட்சர்லாந்தின் ரமூஸ். வெயில் கொளுத்தும் ஹலிஸ்கோவின் எழுத்தாளர் பனிநாட்டு நாவல்களில் தமக்கு வேண்டியதைக் கண்டார். ஒதுக்குப்புற ஊர், மண்ணோடு மல்லுக்கு நிற்கும் மனிதர், மூடுபனிபோன்ற சூழல் ஆகியவை இருவருக்கும் பொதுச் சொத்து. நிலப்பரப்பின் ஒற்றுமையைவிட வாழ்வின் ஒற்றுமையே இங்கே வேலை செய்திருக்கிறது.

இத்தகைய வட ஐரோப்பிய நாவல்கள் தமிழுக்கும் வந்தன. ஹாம்சனின் நாவலை 'நிலவளம்' என்றும், லாகர்லாவின் நாவலை 'மதகுரு' என்றும், ஸ்வீடனின் பேர் லாகர்க்விஸ்டின் 'பாரபாஸ்' நாவலை 'அன்பு வழி' என்றும் மொழிபெயர்த்தவர் க.நா. சுப்ரமண்யம். எழுதுகிறவர்கள் எதைப் படிக்க வேண்டும் என்பதில் அவர் காட்டிய அக்கறை தமிழ் நாவலுக்குச் செய்யப்பட்ட பெருந்தொண்டு. ஆங்கில நாவலே உலக நாவல் என்றிருந்த சூழலில், சிறிய மொழிகளின் நாவல்களைத் தேடிப் பிடித்துத் தமிழ் எழுத்தாளரின் கைக்குக் கொண்டுவந்தார். மூத்திஸ் ஒரு நண்பருக்குச் செய்ததை அவர் ஒரு மொழிக்குச் செய்ய முயன்றார் எனலாம். இன்று 'பெட்ரோ பராமோ'வும் தமிழில் உண்டு; 'தனிமையின் நூறு ஆண்டுகள்' சுகுமாரன், ஞாலன் சுப்பிரமணியன் மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது.

மூன்றாவது, அளவு. தேங்கி நிற்பவருக்குச் சிறிய நாவல்கள் கூடுதல் உதவி செய்கின்றன. இரண்டாம் முறை உடனே படிக்க முடியும். அமைப்பு முழுவதையும் ஒரே பார்வையில் மனத்தில் பிடித்து வைக்க முடியும். 'உருமாற்றம்', 'பெட்ரோ பராமோ', புஷ்கினின் துண்டு என மேலே வந்த நூல்கள் பெரும்பாலும் மெலிந்தவை என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. ருல்ஃபோ தம் கைப்படியை ஏறத்தாழப் பாதியாக வெட்டிக் குறைத்ததாகச் சொல்லியிருக்கிறார். அந்த வெட்டுகள் விட்டுச்சென்ற இடைவெளிகளில்தான் படிக்கும் எழுத்தாளரின் கற்பனை நுழைகிறது.

படித்த இரவுக்கும் எழுதிய நாளுக்கும் இடையில்

மார்க்கேஸ் 'பெட்ரோ பராமோ'வைப் படித்தது 1961. 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலை எழுத அமர்ந்தது 1965. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் அவர் புனைகதை ஏறக்குறைய எழுதவில்லை. இதழ்களில் பணிபுரிந்தார், விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தார், திரைக்கதைகள் எழுதினார். அவற்றுள் ஒன்று ருல்ஃபோவின் கதையை வைத்து கார்லோஸ் ஃபுவென்தெஸோடு சேர்ந்து எழுதிய 'தங்கச் சேவல்'. 1965-இல் குடும்பத்தோடு அகபுல்கோவுக்குக் காரில் போகும் வழியில் நாவலின் குரல் பிடிபட்டதாக அவர் சொல்லிவந்தார். பாட்டி கதை சொன்ன அதே முகபாவத்தோடு சொல்ல வேண்டும் என்பதே அந்தத் தெளிவு. பதினெட்டு மாத உழைப்புக்குப் பின் 1967-இல் புவனெஸ் ஐரெஸின் சுதாமெரிக்கானா பதிப்பகம் 8,000 படிகள் அச்சிட்டது. தூண்டுதல் ஓர் இரவில் வந்தது. அது ஊறி எழுத்தாக ஆண்டுகள் ஆயின. ஒரு நாவலைப் படித்த மறுவாரமே எழுத்து வரவில்லை என்பதால் அந்த வாசிப்பு வீண் என்று முடிவு கட்ட முடியாது.

படிப்பு எல்லாரையும் மீட்கும் என்றும் சொல்வதற்கில்லை. அதற்கான சான்றும் ருல்ஃபோதான். ஆறாவது வயதில் தகப்பனைக் கொலைக்குப் பறிகொடுத்து, தாயையும் இழந்து அனாதை இல்லத்தில் வளர்ந்தவர். டயர் விற்பனையாளராக நாட்டைச் சுற்றியவர். நெடுங்காலம் கழித்துச் சொந்த ஊருக்குத் திரும்பியபோது வீடுகள் பூட்டிக் கிடந்ததைக் கண்டார், தெருக்களில் யாரோ நட்டுவிட்டுப் போன சவுக்கு மரங்கள் இரவுக் காற்றில் ஓலமிட்டதைக் கேட்டார். கோமாலாவின் தனிமை அப்போது புரிந்தது என்றார். 1953-இல் கதைத் தொகுப்பு, 1955-இல் நாவல். அதன்பின் மெக்சிகோவின் பழங்குடியினர் நிறுவனத்தில் மானுடவியல் நூல்களைப் பதிப்பிக்கும் பணியில் இருந்தார். நாவல்களைத் தேடித் தேடிப் படிப்பதை அவர் விடவில்லை. எல்லா நாட்டு நாவலாசிரியர்களைப் பற்றியும் நுட்பமாகப் பேசக்கூடியவராக இருந்தார். 'லா கோர்தியெரா' என்ற புதிய நாவல் வரப்போகிறது என்று 1960-களில் பேச்சு இருந்தது. அது வெளிவரவில்லை. ஏன் எழுதுவதில்லை என்று கேட்டவர்களிடம், தமக்குக் கதைகள் சொல்லிவந்த செலெரினோ மாமா இறந்துவிட்டார் என்று அவர் பதில் சொல்வது வழக்கம். 1986-இல் அவர் இறந்தபோது 1955-இன் அந்த மெலிந்த நூல் பல மொழிகளில் எழுத்தாளர்களின் மேசைகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.